மெட்டிலாவ் மேஸ்திரி

எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாயை இடது பக்கம் திருப்பினால் பச்சைத் தண்ணீர் வரும், வலது பக்கம் திருப்பினால் வெந்நீர் வரும். மற்ற வீடுகளில் இதற்கு நேர்மாறு. போன வருடம் இலை உதிரும் சமயத்தில் அதை அப்படி மாற்றி மாட்டியவர் என் புருஷன் விதோமிர். பீரோட் ஊரில் பாதி வீடுகளின் வாஷிங் மெஷினைப் பிரித்துப் பூட்டியவர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எந்தக் குழாய் எந்தப் பக்கம் என்று சொல்லக்கூடியவர். வேலையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, "பாரு, கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு" என்றார். நான் திறந்தேன், கையைச் சுட்டுக்கொண்டேன், கத்தினேன். அவர் குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எதில் தப்பு என்று அவருக்கு விளங்கவில்லை. அப்போதுதான் அவர் தலையில் ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டது.

கொஞ்ச நாளில், கீழ்வீட்டு மெஷின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தவர் இடது கை இழுத்துக்கொண்டு அப்படியே சாய்ந்தார். தலையைப் படம் எடுத்தார்கள். மூளையில் கட்டி என்றார்கள். கெட்ட கட்டி. பக்கத்துப் பெரிய நகரத்து ஆஸ்பத்திரியில் மண்டையைத் திறந்து எடுத்தார்கள்.

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். எதிரெதிர் ஜன்னல் இரண்டும் திறந்திருந்ததால் ஊசிக்காற்று காது வழியாக ஏறிவிட்டது என்று கீழ்வீட்டுக்காரி அடித்துச் சொன்னாள். எங்கள் பக்கம் எதற்கும் ஊசிக்காற்றுதான் காரணம், பல்வலிக்கும் அதுதான், விவாகரத்துக்கும் அதுதான். நானும் அதை நம்புகிறவள். அன்றைக்கு மட்டும் நம்பப் பிடிக்கவில்லை, ஏனென்றால் ஜன்னலைத் திறந்து வைத்தது நான். அவளே இன்னொன்றும் கேட்டாள், தன் மருமகனை அனுப்பிக் குழாயைச் சரி பண்ணச் சொல்லட்டுமா என்று. "என் வீட்டுக் குழாயில எவன் கை வச்சாலும் கையை ஒடிப்பேன்" என்றேன். பஸ் நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து டிக்கெட் கொடுத்துப் பழகிய தொண்டை இது. நான் பேசினால் மூன்று மாடிக்குக் கேட்கும்.

தையல் பிரித்த பிறகு டாக்டர் நெவேனா எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினாள். என் மகளாக இருந்திருக்கக்கூடிய வயசு. கண்ணுக்குக் கீழே கருப்பு, மேஜையில் ஆறிப்போன காப்பி.

"எடுக்க முடிஞ்சதை எடுத்துட்டாங்க. கண்ணுக்குத் தெரியாத வேர் மிச்சம் இருக்கு" என்றாள். "அதுக்கு ரெண்டு வழி. கதிர்வீச்சு வைக்கலாம், இல்ல மாத்திரை குடுக்கலாம். வயசு கம்மியா இருந்தா ரெண்டையும் சேர்த்தே குடுப்போம். உங்க வயசுக்கும் உங்க இதயத்துக்கும் அது தாங்காது. ஏதாவது ஒண்ணுதான்."

"எது நல்லதோ அதைக் குடுங்க" என்றேன்.

"எது நல்லதுன்னு கட்டியைக் கேட்டாத்தான் தெரியும்." அவள் விதோமிரைப் பார்த்தாள். "நீங்க என்ன வேலை பண்ணீங்க?"

"வாஷிங் மெஷின் மேஸ்திரி. இப்பவும்தான்."

"அப்ப உங்களுக்குச் சொல்றது சுலபம். ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு நீள இழை இருக்கு, டிஎன்ஏன்னு சொல்வோம். செல் எப்படி நடந்துக்கணும்னு அதுலதான் எழுதியிருக்கு. இந்த மாத்திரை அந்த இழையில போய்ப் பிசிறு ஒட்டிவிடும். பிசிறோட செல் ரெண்டாப் பிரியப் பார்த்தா சிக்கிக்கிட்டுச் செத்துடும். ஆனா செல்லுக்குள்ள ஒரு மேஸ்திரி இருக்கான்."

"எங்கதான் இல்ல" என்றார் விதோமிர்.

"இவன் ஒரு புரதம். பிசிறைப் பார்த்தா ஓடி வந்து அதைப் பிய்ச்சுத் தன் கையில ஒட்டிக்குவான். அதோட அவன் காலி. ஒரு பிசிறுக்கு ஒரு ஆள். ஆனா செல் அடுத்த ஆளை உண்டாக்கி அனுப்பிட்டே இருக்கும்."

"நல்ல முதலாளி."

"நல்ல செல்லுல இருந்தா நல்லதுதான். கட்டியிலயும் அவன் இருந்தா? நாம ஒடைக்க ஒடைக்க அவன் சரிபண்ணிட்டே வருவான். மாத்திரை வீண். அப்ப கதிர் வைப்போம், அது கொஞ்ச நாள் தள்ளிப்போடும். சிலருக்குக் கட்டியில மட்டும் அந்த மேஸ்திரி உண்டாகற இடமே பூட்டிக் கிடக்கும். அவங்களுக்கு மாத்திரை நல்லாப் பிடிக்கும். கிடைக்கற காலமும் கூடும். எடுத்த கட்டியில ஒரு துண்டைத் தலைநகரத்துக்கு அனுப்பியிருக்கேன். பூட்டா, திறப்பான்னு அவங்க பார்த்துச் சொல்வாங்க."

விதோமிர் நெற்றியைத் தடவிக்கொண்டார். தழும்பு அங்கேதான் தொடங்கியது. "டாக்டரம்மா, மேஸ்திரி சோம்பேறியா இருக்கக் கூடாதுன்னு ஆயுசு பூரா எடுபிடிப் பசங்களைத் திட்டினவன் நான். இப்ப என் தலைக்குள்ள இருக்கறவன் குடிச்சுட்டுக் குப்புறப் படுத்திருக்கணும்னு நான் வேண்டிக்கணுமா?"

"ஆமா" என்றாள் டாக்டர்.

பஸ்ஸில் ஊர் திரும்பினோம். ஊர் எல்லை வந்ததும், "யாகொதா, அவன் நல்ல வேலைக்காரனா இருந்துட்டா?" என்று கேட்டார். "உன் தலைக்குள்ள இருக்கறவன் எங்க நல்ல வேலைக்காரனா இருக்கப் போறான்" என்றேன். அவர் சிரித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். என்ன கேட்பது என்று முதலில் தெரியவில்லை. ஆரோக்கியம் கேட்டால் கடவுள் அந்த மேஸ்திரிக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுவாரோ என்று பயம். கடைசியில் கடவுளே, அவன் உருப்படாத பயலாக இருக்கட்டும் என்று வாய்விட்டே கேட்டேன். பக்கத்தில் நின்றவள் யார் மாப்பிள்ளையைச் சபிக்கிறாளோ என்பது போல் என்னைப் பார்த்தாள்.

பதில் வர நாளாகும் என்றார்கள். காத்திருந்தோம். மூளை வீக்கத்துக்குக் கொடுத்த மாத்திரை அவருக்கு ஓயாத பசியையும் கோபத்தையும் கொடுத்தது. காலையில் எழுந்ததும் சீஸ், பத்து மணிக்கு சாசேஜ், மத்தியானம் பீன்ஸ் சூப், அதற்குப் பிறகு "இந்த வீட்டுல சோறே போட மாட்டியா" என்ற சண்டை. முகம் ஊதிப்போனது. தாடைக்குக் கீழே பை மாதிரி தொங்கியது. அது மாத்திரையால் வருவது, பயப்பட வேண்டாம் என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தாள். நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அவருடைய தம்பி அரஞ்ஜெல் மலைமேல் ஆடு வளர்க்கிறான். அண்ணனைப் பார்க்க ஒரு முழு சீஸ் உருளையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தான். நல்லவன், பாவி. ஒரு காது சுத்தமாகக் கேட்காது, அதை ஒப்புக்கொள்ளவும் மாட்டான். வாசலில் நின்று அண்ணன் முகத்தைப் பார்த்தவன் அப்படியே நின்றான். பக்கத்தில் வந்து கட்டிப்பிடிக்கிற சாக்கில் அவர் தாடைக்குக் கீழே விரலால் அமுக்கிப் பார்த்தான். கீழ் இமையையும் இழுத்துப் பார்த்தான்.

"என்னடா, சந்தையில வாங்கப் போறியா?" என்றார் விதோமிர்.

அவன் சிரிக்கவில்லை.

மறுநாள் நான் விதோமிரைக் குளிக்க வைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அரஞ்ஜெல் எடுத்தான். "ஆமா... ஆமா, வீடுதான்... என்னது?... சரி" என்று அவன் பேசியது கேட்டது. பிறகு சத்தமே இல்லை. தலையைத் துவட்டி, உடுத்தி, அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வந்தால் இவன் பால்கனியில் நிற்கிறான். கையில் சிகரெட், பற்றவைக்கவில்லை.

"யாரு போன்ல?"

"கதவைச் சாத்துங்க அண்ணி."

சாத்தினேன்.

"ஆஸ்பத்திரியில இருந்து. ஒரு நர்ஸ். ரிசல்ட் வந்துடுச்சாம். வியாழக்கிழமை வரணுமாம்." அவன் தெருவைப் பார்த்துக்கொண்டே பேசினான். "மெட்டிலாவ்."

"என்னது?"

"மெட்டிலாவ்னு சொன்னா. வேற ஒண்ணும் சொல்லல. எனக்கு நேத்தே தெரியும் அண்ணி. தாடையைப் பார்த்தேனே."

ஆடு மேய்கிற ஊரில் பிறந்த யாருக்கும் அந்த வார்த்தைக்கு அகராதி வேண்டாம். மெட்டில் என்றால் ஈரப் புல்தரையில் மேயும் ஆட்டின் ஈரலில் குடியேறுகிற புழு. அது விழுந்த ஆடு மந்தையை விட்டுத் தனியாக நிற்கும், மயிர் கொட்டும், தாடைக்குக் கீழே நீர் கோத்துப் பையாகத் தொங்கும். அந்த ஆடுதான் மெட்டிலாவ். வேலைக்கு லாயக்கில்லாத, நின்ற இடத்தில் தூங்கி விழுகிற ஆளையும் அப்படித்தான் திட்டுவோம். பஸ் நிலையத்தில் டிரைவர்களை நான் திட்டாத நாள் கிடையாது.

"மூளையிலயா?" என்றேன்.

"எங்க வேணா ஏறும். தாடை வீங்கிட்டா அப்புறம் மருந்து ஊத்திப் பிரயோஜனம் இல்ல அண்ணி. நான் எத்தனை பார்த்திருக்கேன். அந்தக் கட்டத்துல நாங்க..." அவன் முடிக்கவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

நான் படித்தவள் இல்லை, ஆனால் முட்டாளும் இல்லை. மனுஷ மூளைக்கும் ஆட்டுப் புழுவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்கலாம். ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போன் போட்டிருக்கலாம். செய்யவில்லை. பயம் வந்தால் முதலில் ஓடிப்போவது புத்திதான். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் அவர் சாசேஜ் கேட்டுக் கூப்பிட்டார். நான் நறுக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய், அவ வாயால ஒரு தடவை கேட்டு, அண்ணன் மனசு ஒடைஞ்சு... அது எதுக்கு?" என்றான் அரஞ்ஜெல். "என்கூட மேல அனுப்புங்க. நீங்களும் வாங்க. நல்ல பால், நல்ல காத்து. ஊசியும் வேண்டாம், கதிரும் வேண்டாம். நிம்மதியா இருக்கட்டும்."

எங்கள் பக்கம் நோயாளிக்குச் சொல்லாமல் மறைப்பதுதான் பாசம். நானும் சரி என்றேன்.

வியாழக்கிழமை காலை அரஞ்ஜெலின் பழைய காரில் மூட்டை ஏற்றினோம். டாக்டருக்கென்று ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த காப்பிப் பொட்டலமும் சாக்லேட் பெட்டியும் ஒரு பையில் இருந்தன. வெறுங்கையோடு டாக்டரைப் பார்க்கப் போகிற பழக்கம் எங்களுக்கு இல்லை. மலையில் நாமே குடித்துக்கொள்ளலாம் என்று அதையும் ஏற்றினேன். டாக்டர் ஊரில் இல்லை, அடுத்த வாரம்தான், அதுவரை மலையில் இருப்போம் என்று விதோமிரிடம் சொன்னோம். அவர் ஒன்றும் கேட்காமல் முன் சீட்டில் உட்கார்ந்தார். மடியில் அவருடைய ஸ்பானர் பெட்டி. எங்கே போனாலும் அது கூடவே வரும்.

நகரத்துக்குப் போகிற சாலையும் மலைக்குப் போகிற சாலையும் பிரிகிற இடத்தில் அவர், "நிறுத்துடா" என்றார்.

நிறுத்தினான்.

"ரிசல்ட் வந்துடுச்சு, இல்ல?"

அரஞ்ஜெல் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான்.

"அரஞ்ஜெல், நீ வந்ததுலேர்ந்து என்னை ஆட்டைப் பாக்கற மாதிரியே பாக்கறே. இவ கேக்கக் கேக்க சாசேஜ் குடுக்கறா, ஒரு வார்த்தை திட்டல. எனக்கு மண்டையைத்தான் திறந்தாங்க, கண்ணைத் தோண்டல. என்ன சொன்னாங்க?"

அரஞ்ஜெல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "மெட்டிலாவ்னு சொன்னாங்கண்ணா" என்றான்.

"யாரு? நானா?"

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. மடியில் இருந்த பெட்டியைப் பார்த்தார். "கை கொஞ்சம் மெதுவா ஆச்சு, அது உண்மைதான்" என்றார். "ஆனா ஒருத்தர் வீட்டு மெஷினையும் நான் பாதியில விட்டுட்டு வந்ததில்ல. என்னைப் போய் மெட்டிலாவ்னு..." ஊதிய கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை, அவர் அம்மா செத்தபோதுகூட.

எனக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. அத்தனை நாளும் பயந்து செத்த பயமெல்லாம் ஒரே நொடியில் ஆத்திரமாக மாறிவிட்டது. அப்பாடா என்றிருந்தது, ஆத்திரம் எனக்குப் பழகிய சாமான்.

"காரைத் திருப்புடா" என்றேன்.

"எங்க அண்ணி?"

"நகரத்துக்கு. அந்த டாக்டர்கிட்ட. என் புருஷன் சாகப்போறான்னு சொல்லட்டும், அது அவ தொழில், கேட்டுக்கறேன். மெட்டிலாவ்னு சொல்ல அவ யாரு? எந்த வாஷிங் மெஷினைத் தூக்கியிருக்கா அவ? திருப்புறியா, நான் இறங்கி நடக்கவா?"

திருப்பினான்.

ஆஸ்பத்திரி வாசலில் அரஞ்ஜெல் பின்சீட்டுப் பையை எடுத்தான். "வை கீழ" என்றேன். "திட்டப் போற இடத்துக்குக் காப்பிப் பொட்டலமா?" வைத்துவிட்டான். விதோமிரை ஒரு பக்கம் நான் பிடித்துக்கொள்ள, மறுபக்கம் அவன் பிடித்துக்கொள்ள, வரிசையில் இருந்தவர்களையெல்லாம் தாண்டி டாக்டர் அறைக் கதவைத் தள்ளினேன்.

டாக்டர் நெவேனா எழுந்து நின்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு என் ஆத்திரத்துக்கு எண்ணெய் ஊற்றியது.

"வாங்க வாங்க, உங்களுக்காகத்தான்..."

"இருங்க. முதல்ல நான் பேசறேன். உங்க படிப்புக்கு மரியாதை குடுத்துத்தான் இத்தனை நாள் கையைக் கட்டிட்டு நின்னேன். நோயாளிகிட்ட இப்படித்தான் பேசுவாங்களா? போன்ல? இவரு கெட்டவரா, குடிகாரரா? இந்த மனுஷன் கை படாத மெஷின் பீரோட்ல கிடையாது. தலையில தையலோட கீழ்வீட்டுக்காரி மெஷினை முடிச்சுக் குடுக்கணும்னு எழுந்தவரு. இவரைப் போய் மெட்டிலாவ்னு சொல்ல உங்களுக்கு எப்படி வாய் வந்துச்சு?"

அவள் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். "நானா? எப்ப?"

"உங்க நர்ஸ். செவ்வாய்க்கிழமை. இவன்கிட்ட."

டாக்டர் அரஞ்ஜெலைப் பார்த்தாள். அவன் தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டே, "மெட்டிலாவ்னு தெளிவாச் சொன்னாங்க டாக்டரம்மா. எனக்குக் காது நல்லாக் கேக்கும்" என்றான்.

அவள் மெதுவாக மேஜையில் இருந்த தாளை எடுத்தாள். அதைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று நினைத்தேன், சிரிக்கிறாள்.

"மெட்டிலிசான்" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவங்க சொன்னது மெட்டிலிசான். மன்னிச்சுடுங்க, நான் சிரிக்கக் கூடாது. எங்க தாத்தாவும் ஆடு வச்சிருந்தாரு, இத்தனை வருஷமா இது எனக்குத் தோணவே இல்லயே."

"அது என்ன, அதைவிட மோசமா?" என்றேன்.

"இல்ல. கேளுங்க. மேஸ்திரி உண்டாகற இடம் பூட்டிக் கிடக்கலாம்னு சொன்னேனே. அந்தப் பூட்டுக்குப் பேரும் மெட்டில்தான், புழு இல்ல, மெத்தில்ங்கற ரசாயனம். சின்ன மூடி மாதிரி அந்த இடத்துல ஒட்டிக்கும். ஒட்டியிருந்தா மெட்டிலிசான்னு எழுதுவோம். உங்க வீட்டுக்காரர் கட்டியில நிறைய ஒட்டியிருக்கு. பூட்டு நல்லா விழுந்திருக்கு. நாம எதிர்பார்த்த நல்ல பதில் இதுதான்."

வாசலில் யாரோ இருமினார்கள். என் காதில் விழுந்தது புத்தியில் ஏற நேரம் எடுத்தது.

விதோமிர்தான் முதலில் பேசினார். "அப்ப நான் இல்லையா?"

"நீங்க இல்ல."

"அவன்தான் மெட்டிலாவ்?"

டாக்டர் தாளைக் கீழே வைத்தாள். "ஆமா. கட்டிக்குள்ள இருக்கற மேஸ்திரிதான். படு மெட்டிலாவ். எழுந்து நிக்கக்கூட மாட்டான்."

விதோமிர் தலையை ஆட்டிக்கொண்டார். "தொழிலுக்கே கேவலம்" என்றார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரித்துக்கொண்டே இருந்தார், அறுவை சிகிச்சைக்கு முன்பெல்லாம் சிரித்த அதே சிரிப்பு. நான் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, டாக்டர் இருக்கிறாளே என்ற வெட்கம்கூட இல்லாமல் ஓவென்று அழுதேன்.

"தாடை வீங்கியிருக்கே" என்றான் அரஞ்ஜெல், இன்னும் நம்பாமல்.

"அது வீக்கத்துக்குக் குடுத்த மாத்திரை. அதைக் குறைக்கக் குறைக்க வடிஞ்சுடும்."

"மெட்டில் வந்தா நாங்க மருந்து ஊத்தி விரட்டுவோம். இதுக்கு..."

"விரட்டிடாதீங்க. அது அங்கயே நல்லா இருக்கட்டும்."

அவள் எங்களை ஏமாற்றவில்லை, அதையும் சொல்ல வேண்டும். சிரிப்பு அடங்கியதும் நாற்காலியை இழுத்துக்கொண்டு விதோமிர் எதிரே உட்கார்ந்தாள். "குணமாயிடும்னு நான் சொல்லல மேஸ்திரி. இந்தக் கட்டி திரும்ப வர்ற ஜாதி. ஆனா இப்ப நம்ம மாத்திரை வீண் போகாது. கதிருக்குத் தினமும் இங்க வந்து படுக்க வேண்டாம். வீட்டுல இருந்தே மாசத்துல சில நாள் முழுங்கலாம். வாந்தி வரும், சோர்வு வரும், ரத்தம் பரிசோதிக்கணும். இந்தப் பூட்டு இருக்கறவங்க நிறைய பேர் மத்தவங்களைவிட அதிக காலம் நல்லா இருக்காங்க. எவ்வளவுன்னு என்னால சொல்ல முடியாது."

"உங்க வேலை நேர்மையான வேலை" என்றார் விதோமிர். "உத்தரவாதம் தர்றவன் மேஸ்திரியே இல்ல."

நான் அரஞ்ஜெலை முழங்கையால் இடித்தேன். "என்ன நின்னு பாத்துட்டிருக்கே. கார்ல அந்தப் பையை எடுத்துட்டு வா. அந்த சீஸையும்."

"அது உங்களுக்குக் கொண்டு வந்தது அண்ணி."

"எடுத்துட்டு வாடா."

சீஸ் மலைக்குக் கொண்டுபோகிற மூட்டையில் அடியில் இருந்தது. மொத்தத்தையும் ஆஸ்பத்திரி வாசலில் பிரித்து எடுத்தான். டாக்டர் வேண்டாம் வேண்டாம் என்றாள். என்னிடம் வேண்டாம் என்று சொல்லி யாரும் ஜெயித்ததில்லை.

முதல் மாத்திரையை வெறும் வயிற்றில் காலையில் விழுங்கச் சொல்லியிருந்தார்கள். அரஞ்ஜெல் அதற்காகவே ஆடுகளைப் பக்கத்து வீட்டுக்காரனிடம் விட்டுவிட்டு வந்திருந்தான். விதோமிர் மாத்திரையை ஒரு கையிலும் தண்ணீர்க் கோப்பையை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். பிளம் சாராயக் கோப்பையைத்தான் இப்படி உயர்த்துவார், இதையும் உயர்த்தினார்.

"உள்ள இருக்கற தம்பி" என்றார், "நல்லாத் தூங்கு. யார் கதவைத் தட்டினாலும் எழுந்திரிக்காதே. போனை எடுக்காதே. நாளைக்கு வர்றேன்னு சொல்லிட்டு வராம இரு."

"எல்லா மேஸ்திரியும் பண்றதுதானே" என்றேன்.

"நான் பண்ணதில்ல" என்று முறைத்துவிட்டு விழுங்கினார்.

சுலபமாக இருக்கவில்லை. சில நாள் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. சாசேஜ் கேட்ட வாய், சாசேஜ் வாசனையே ஆகாது என்றது. ரத்த அணு குறைந்து ஒரு மாதம் மாத்திரையைத் தள்ளிப்போட்டார்கள், அப்போது நான் மறுபடி கோயிலுக்கு ஓடினேன். இந்தத் தடவை என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. குளிர் போய்ச் செர்ரி பூத்தபோது படம் எடுத்தார்கள். டாக்டர் நெவேனா பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். எனக்கு இரண்டும் மேகம் மாதிரிதான் தெரிந்தது, ஆனால் புது மேகம் சின்னதாக இருந்தது. எனக்கே தெரிந்தது, அவள் விரலால் காட்டும் முன்பே.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, எங்கள் வழக்கப்படி, நல்ல செய்திக்கு மாடி மாடியாக ஏறி எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன். "என்ன விசேஷம்?" என்று கீழ்வீட்டுக்காரி கேட்டாள். "என் புருஷன் தலைக்குள்ள இருக்கறவன் மெட்டிலாவ்" என்றேன். அவள் ஒரு மிட்டாய் எடுத்துக்கொண்டு, ஜன்னலைச் சாத்தி வை, காற்று இன்னும் குளிர்தான் என்றாள்.

தாடை வடிந்துவிட்டது. இடது கையில் பாத்திரம் பிடிக்க வருகிறது. நேற்று மத்தியானம் நான் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். சமையலறையில் தண்ணீர் திறக்கிற சத்தம் கேட்டது, கூடவே "ச்சே" என்று ஒரு கத்தல். ஓடிப்போய்ப் பார்த்தால் அவர் கையை உதறிக்கொண்டு நிற்கிறார். குழாயை இடது பக்கம் திருப்பினார், வலது பக்கம் திருப்பினார், குனிந்து அடியில் பார்த்தார். எத்தனையோ மாதமாக அதே குழாயில் கை கழுவியவர், அப்போதுதான் பார்க்கிறார்.

"எந்த மெட்டிலாவ் இதை மாட்டினான்?" என்றார். "ரெண்டு குழாயையும் மாத்திச் சொருகியிருக்கான். கண்ணு தெரியாதவனா?"

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஒரு மேஸ்திரி வந்திருந்தான்" என்றேன். "உடம்பு சரியில்லாதவன்."

"இனிமே அவனை வீட்டுக்குள்ள விடாதே."

"விட மாட்டேன்."

அவர் மெல்ல முட்டி போட்டு உட்கார்ந்து, தொட்டிக்கு அடியில் தலையை விட்டு, ஸ்பானரை எங்கே வைத்தாய் என்று கேட்டார்.